எடை மெஷின் ஆள் மாற்றிய கதை

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே இருவரும் நலம். அதில் ஒருவர் கொஞ்சம் அதிகமாகவே நலம், அது பின்னால் வரும்.

போனில் அன்றைக்குக் கேட்டாயே, "வயித்தை வெட்டிச் சின்னதாக்கியும் உனக்கு எடை இறங்கலையாமே அக்கா, அப்புறம் நான் எதுக்குப் போய்ப் படுக்கணும்?" என்று. அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஆபரேஷன் தேதியை ரத்து செய்யப் போகிறாய் என்று உன் மனைவி அழுகிறாள். நாலு படி ஏறினால் நீ மூச்சு வாங்குவதை நானும் கேட்டிருக்கிறேன். அதனால் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன்.

என் ஆபரேஷன் முடிந்ததும் மகள் ஒரு எடை மெஷின் அனுப்பினாள். ஏறுகிறவர் யாரென்று பழைய எடையை வைத்து அதுவே கண்டுபிடித்து, அவரவர் பெயரில் செல்போனில் கோடு போடும். கண்ணாடி இல்லாமல் காலடியில் இருக்கும் எண் எனக்குத் தெரியாது, கோட்டைத்தான் பார்ப்பேன். உன் அத்தானும் ஏறுவார், அவரும் கோட்டைத்தான் பார்ப்பார். என் கோடு முதலில் சறுக்குமரம் மாதிரி இறங்கியது, அப்புறம் உட்கார்ந்துவிட்டது, கடைசியில் ஏறவே ஆரம்பித்தது. மகள் அங்கிருந்தே பார்த்துவிட்டு, "உண்மையைச் சொல்லும்மா, ஒளிச்சு வெச்சு என்ன சாப்பிடறே?" என்கிறாள். நானோ நாலு கரண்டிக்கு மேல் இறங்காமல் தட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். சமையல் உன் அத்தான், அதுவும் பழைய அளவில். வீணாகக் கூடாதாம், "இப்படிக் கொடு" என்று என் தட்டையும் அவரே காலி செய்வார். அப்படியும், முதலில் ஏறின அவர் கோடு பிறகு அழகாக இறங்கியது. "பாத்தியா, கத்தியே படாம குறையறேன்" என்று பெருமை வேறு! பேண்ட் பட்டன் மட்டும் எட்டவில்லை, சலவையில் சுருங்கிவிட்டதாம்.

மார்க் குறைந்த பிள்ளை மாதிரி, உன் அத்தானையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் எடை பார்த்துவிட்டு, "குறைஞ்சிருக்கே டீச்சர், என்ன, கொஞ்சம் மெதுவா" என்றாள். நம்பாமல் செல்போனைக் காட்டினேன். கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின்னால் நின்றவரை மேலும் கீழும் பார்த்தாள். "சார், நீங்க கொஞ்சம் ஏறுங்க."

ஏறினார். எடையில் நான் இறங்க, அவர் ஏற, வழியில் எங்கேயோ ஒருவரையொருவர் தாண்டியிருக்கிறோம். மெஷின் அவரை நான் என்றும் என்னை அவர் என்றும் எண்ணிக்கொண்டுவிட்டது. அங்கேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தேன். அத்தனை நாள் நெஞ்சில் இருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது.

மெதுவாகத்தான் குறைகிறது. இருக்கட்டுமே. வகுப்பில் சில பிள்ளைகள் அரையாண்டு வரை வாயே திறக்காது. இது தேறாது என்று நாம் நினைக்கும்போது, கரும்பலகையில் நாம் போட்ட தப்பை எழுந்து நின்று சொல்லும். அதுவரை உள்ளே படித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். உடம்பும் அந்த ரகம். இனி எடை பார்ப்பதில்லை என்று மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். நீ தேதியை மாற்றாதே.

மூச்சு வாங்காமல் நெடுநாள் நடமாட என் ஆசி. குழந்தைகளுக்கு முத்தம்.

உன் அக்கா

பி.கு.: உறையைத் தேடப் போன இடத்தில் மெஷினை வெளியே இழுத்துவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஏறினேன், நம்பாமல் இன்னொரு தடவையும் ஏறினேன். போன வாரம் ஆஸ்பத்திரியில் காட்டிய எடையிலிருந்து இம்மியும் அசையவில்லை. போகட்டும். நீ ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் ஒன்று செய்: நாளைக்கு உங்கள் வீட்டில் இருப்பதிலேயே சின்னப் பாத்திரமாக எடுத்துச் சமைத்துப் பார், நீ தள்ளும் தட்டை அங்கே யாரும் காலி செய்ய வேண்டியிருக்காது.