ஒரு கிணறு, இரண்டு பேரினம்

"சந்திரா, நல்லெண்ணெய் எங்க?"

"தலைக்கா?"

"ஓட்டுக்கு!"

"நல்லாத்தானே கீது. அதை ஏன் நோண்டிக்கினு கீறீங்க?"

திருமலையால் நோண்டாமல் இருக்க முடியவில்லை. மெட்ராஸிலிருந்து பேராசிரியர் பாக்கியநாதன் எந்த நிமிஷமும் திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கி, நேரே இந்த வீட்டுக்கு வந்துவிடுவார்.

திருமலையும் அவன் மனைவி சந்திரகலாவும் ஒரே கல்லூரியில் ஜியாலஜி சொல்லிக் கொடுப்பவர்கள். போன வருஷம், எழுபத்தொன்றில், ஊத்துக்கோட்டைப் பக்கம் கிணறு வெட்டிய இடத்தில் ஆளுக்கொரு அம்மோனைட் கிடைத்தது. இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்தபோது வாழ்ந்து மாண்ட பிராணி அது. ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி சுருண்ட ஓடு மட்டும் கல்லாகிக் கிடக்கும். திருமலையுடையது சாப்பாட்டுத் தட்டு அகலம். சந்திரகலாவுடையது பூரி அளவு.

தன்னுடையது இதுவரை யாரும் காணாத பேரினம் என்று சொல்லி அவன் 'ஆரணிசெராஸ்' என்று பெயர் வைத்தான். தன்னுடையது அதைவிட வேறான பேரினம் என்று அவள் 'கொற்றலைசெராஸ்' என்றாள். இரண்டு கட்டுரையும் ஒரே பத்திரிகையில், ஒரே இதழில் வெளிவந்தன. அன்றைக்குப் போன நிம்மதி வீட்டுக்குத் திரும்பவில்லை. இரண்டும் தனித்தனிதானா என்று தீர்ப்புச் சொல்லத்தான் பாக்கியநாதன் வருகிறார். தன்னுடையது செல்லாது என்று அவர் சொல்லிவிட்டால் திருமலையால் ஸ்டாஃப் ரூமில் தலை காட்ட முடியாது.

ஓட்டின்மேல் கீரை இலையின் ஓரம்போல நெளிகோடுகள் ஓடும். அதைப் பார்த்துத்தான் இனம் பிரிப்பார்கள். கோடு பளிச்சென்று தெரியட்டும் என்று எண்ணெய் தடவினான் திருமலை. ஓடு முழுக்கக் கறுத்துப்போனது.

"வடைச்சட்டி மாதிரி கீது," என்றாள் சந்திரகலா, போகிறபோக்கில்.

எண்ணெய் போகச் சீயக்காய் தேய்த்தான். சீயக்காய் கோடுகளுக்குள் புகுந்துகொண்டது. பல் தேய்க்கிற பிரஷ்ஷால் குத்தினான். அசையவில்லை. கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, தண்ணீர் ஊற்றித் திருப்பினான். வழுக்கியது. துவைக்கிற கல்லில் 'ணங்' என்று விழுந்தது.

வெளிச்சுற்றில் பாதி தனியாக வந்துவிட்டது. உள்ளே குட்டியாக இன்னொரு சுருள். மனைவியின் ஓட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அதே மேடு, அதே பள்ளம், அதே நெளிகோடு.

"இன்னாங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல! சொம்பு!"

கோந்து போட்டு ஒட்டினான். எண்ணெயில் கோந்து நிற்குமா? பூக்கட்டுகிற நூலால் இறுக்கிச் சுற்றினான். அதற்குள் சந்திரகலா வந்துவிட்டாள்.

"அய்ய, கட்டு போட்டுக்கினு கீது?"

அவள் எடுத்தாள். நூல் நழுவியது. பாதி ஓடு அவள் கையோடு வந்தது. உள்ளே பார்த்தவளின் முகம் மலர்ந்தது.

"இதுக்குத்தான் இந்தப் பேஜாரா? உள்ள கீறது என்னுதுங்க! என்னுது வளந்தாத்தான் உங்களுது!"

"இல்ல, வளராத என்னுதுதான் உன்னுது!"

இருவரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ இருமினார்கள். பாக்கியநாதன்.

அவர் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திருமலை கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தான். காபி ஆறியது. பேராசிரியர் பெரியதை வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தார். திருமலை மறுபடி நடந்தான்.

கடைசியில் அவர் நிமிர்ந்தார். "ரெண்டும் ஒண்ணுதான்."

"யாருது வளந்து யாருது ஆச்சு சார்?" என்றாள் சந்திரகலா.

"ரெண்டுமே முழுசா வளர்ந்ததுதாம்மா. ஒரே இனத்துல ஆணும் பெண்ணும். புருஷன் பெண்டாட்டியை நீங்க ரெண்டு பேரினமாப் பிரிச்சு வெச்சிருக்கீங்க."

"அப்ப பேரு?" என்றான் திருமலை.

"ஒண்ணுதான் நிக்கும். எது முதல்ல வந்துச்சோ அதைத்தான் வெச்சுக்கணும். ஆனா ரெண்டும் ஒரே இதழ்ல வந்துடுச்சே! அதனால எதுன்னு நான்தான் முடிவு பண்ணணும்."

திருமலை தன் பெரியதையும் அவளுடைய சின்னதையும் மாறி மாறிப் பார்த்தான். விடை இவ்வளவு சுலபமா!

"இதுல யோசிக்க இன்னா சார் கீது? குடும்பம்னா ஆம்பளை பேருதானே நிக்கணும்?"

சந்திரகலா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பாக்கியநாதன் பேனாவைத் திறந்தார்.

"நீங்களே சொல்லிட்டீங்க, அப்படியே எழுதிடறேன். இதுங்கள்ல சின்னதுதான் சார் ஆம்பளை."