அடுப்படி ஸ்விட்ச்

பாதிக் கேள்விகளைத் தாண்டியிருந்த நேரத்தில் கம்ப்யூட்டர் மறுபடியும் பட்டென்று அணைந்தது.

"ஏளா அல்போன்சா! கரண்டு போயிருச்சா?" என்று முன்னறையிலிருந்து புருஷன் இனிகோ கத்தினார்.

"இல்லியே. ஃபேன் சுத்துதுல்லா," என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

பதில் சொன்ன அல்போன்சா, ஸ்விட்சிலிருந்து கையை எடுத்து, அதே கையால் ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். தப்பு செய்த கையைச் சும்மா விடக் கூடாது. உடனே அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தெரியாத இந்த வித்தையை அவள் இந்த ஒரு வாரத்தில்தான் கற்றிருந்தாள்.

முன்னறை பிளக் உப்புக்காற்றில் அரித்துக் கருகிப்போய் வெகுநாளாயிற்று. அதனால் கம்ப்யூட்டரின் வயர் ஜன்னல் வழியாக அடுப்படிக்கு வந்து, மிக்சிக்குப் பக்கத்துப் பிளக்கில் குடியிருந்தது. ஸ்விட்சை ஒரு தட்டுத் தட்டி உடனே திரும்பப் போட்டால் போதும். கம்ப்யூட்டர் அணைந்து, தானாகவே விழித்து, முதலிலிருந்து ஆரம்பிக்கும். பரீட்சையும்தான்.

அது மகள் ஜெமிமா காலேஜில் படித்தபோது வாங்கியது. அவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனபின் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. திடீரென்று அதற்கு மவுசு வந்ததற்குக் காரணம் ஒரு கப்பல் கம்பெனி.

இனிகோ சரக்குக் கப்பல்களின் இன்ஜின் அறையில் தலை நரைத்தவர். போன வருஷம் நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்து, வீட்டோடு இருந்தார். மறுபடி கப்பலேற வேண்டுமானால், கம்பெனியின் ஆன்லைன் பரீட்சையைச் சனிக்கிழமைக்குள் எழுதி முடிக்க வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி முதல் கேள்வி.

அவர் போகக் கூடாது. அல்போன்சாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். நடுக்கடலில் அந்த நெஞ்சு திரும்ப வலித்தால், தடவிவிடக்கூட ஆள் கிடையாது. அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் வில்லங்கம். போகச் சொன்னதே அவள்தான்.

வீட்டோடு இருந்த இனிகோ, அடுப்படியை இன்ஜின் அறையாக மாற்றத் தொடங்கியிருந்தார். மசாலா டப்பாக்களில் எல்லாம் பேர் எழுதி ஒட்டினார். கரண்டிகளை உயர வாரியாக ஆணியில் தொங்கவிட்டார். கேஸ் அடுப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அன்று மத்தியானம் வரை அது பற்றவில்லை. ஒரு நாள் அவள் மீன் அரிந்துகொண்டிருந்தபோது, பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்த அரிவாமணையோட ஆங்கிள் சரியில்ல ஏளா."

"வீட்ல இருந்து என் உசிர எடுக்கதுக்கு நீங்க கப்பலுக்கே போயிரலாம்," என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே அவர் கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டார். மறுநாள் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கூட்டாளிகள் போன் போட்டுக் கேட்டால், "ஆமாலே, இனிகோ வாரான்னு சொல்லு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரிப்பார்.

முப்பது வருஷம் கடிதத்திலும் போனிலும் குடும்பம் நடத்தியவர்கள். "சௌக்கியமா, மழை உண்டா, பிள்ளை படிக்காளா" என்று கேட்டுத்தான் பழக்கம். எதிரெதிரே உட்கார்ந்து "என்னை விட்டுப் போகாதிய" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஸ்விட்ச்தான் வாகாக இருந்தது.

கம்ப்யூட்டர் முதல் தடவை நின்ற அன்றே இனிகோ டெரன்சை வரச் சொல்லிவிட்டார். டெரன்ஸ் அல்போன்சாவின் அண்ணன் மகன். ரெண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். திரேஸ்புரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவனும் இனிகோவும் மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள்.

"ஏலே, என்னல கோளாறு?" என்று கேட்டாள் அல்போன்சா.

டெரன்ஸ் திடுக்கிட்டு மேசையில் தலையை இடித்துக்கொண்டான். "ரேம்ல அழுக்கு அத்தை. உப்புக்காத்துல்லா," என்றான்.

பள்ளிக்கூடத்து ரப்பரால் ரேமை அழித்துத் துடைத்து மாட்டினான். மறுநாள் கம்ப்யூட்டர் நின்றது. உள்ளேயிருந்த தூசியை ஊதினான். நின்றது. பவர் சப்ளையை மாற்றினான். அதற்கும் நின்றது.

"மாமா, இது தன்னாலயே நிக்குதே!" என்று டெரன்ஸ் தலையைச் சொறிந்தான்.

தன்னால் நிற்கிற கம்ப்யூட்டரைப் பார்ப்பதுதானே இவன் தொழில், இதில் என்ன ஆச்சரியம் என்று அல்போன்சா நினைத்துக்கொண்டாள். அவள் வாசலில் மீன்காரியோடு பேரம் பேசும் நேரத்தில்கூட ஒன்றிரண்டு தடவை அது நின்றிருந்தது. பழைய சாமான், பாவம், தன்னாலான ஒத்தாசையைச் செய்கிறது.

தன்மேல் சந்தேகம் வரக் கூடாதே என்று அவள் கொஞ்சம் நடிக்கவும் செய்தாள்.

"பேசாம பிரவுசிங் சென்டர்ல போயி எழுதிருங்களேன்."

"எவன் கடையிலயோ போயி என் பாஸ்போர்ட் நம்பரப் போடவா?" என்று இனிகோ சீறினார். "கப்பல் இன்ஜினையே பிரிச்சு மாட்டுனவன். இந்தத் தகர டப்பாவப் பாத்து ஓடணுமாக்கும்?"

அந்தப் பிடிவாதத்துக்காக மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். நடிப்பை அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்த வீட்டில் ஒரு யுபிஎஸ் உண்டு. பேட்டரி செத்துப்போனதிலிருந்து அது மாதா சுரூபத்துக்குப் பீடமாக இருந்தது. டெரன்ஸ் கண்ணில் அது பட்டுவிட்டது.

"இதுக்கு ஒரு பேட்டரி போட்டா, கரண்டு போனாலும் கம்ப்யூட்டர் நிக்காதே," என்று வாய்தவறிச் சொன்னவன் மாதிரிச் சொன்னான்.

"அதெல்லாம் வேண்டாம்ல," என்றார் இனிகோ.

"ஏன் வேண்டாம்? போடுல. போறவரு நல்லபடியா எழுதட்டும்," என்றாள் அல்போன்சா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இனிகோ அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பிடியா ஏளா?"

"ஆமா. வேற எப்பிடி?"

"சரி. போடுல," என்றார். முகம் சுருங்கிப்போயிருந்தது. தன் கையால் சரிசெய்ய முடியவில்லையே என்ற வருத்தமாக இருக்கும் என்று அவள் எண்ணினாள்.

பேட்டரி வந்தது. மறுநாள் பழக்கதோஷத்தில் ஸ்விட்சைத் தட்டினாள். யுபிஎஸ், திருடனைக் கண்டாற்போல, "பீக், பீக்" என்று கத்தியது. கம்ப்யூட்டர் அசையவில்லை.

"ஏளா, அங்கன என்ன?"

"கை பட்டுட்டு! கை பட்டுட்டு!"

நல்லவேளையாக அன்று இனிகோ தலைவலி என்று சொல்லிப் பாதியில் எழுந்துவிட்டார். அவளுக்குத் தப்பித்த சந்தோஷம் ஒரு பக்கம், அவருக்குத் தலைவலியாமே என்ற கவலை மறுபக்கம். சுக்குத் தட்டிப் போட்டுக் காபி கொடுத்தாள்.

ஸ்விட்ச் கைவிட்டதும் அவளுக்குச் சர்ச்சுச் சாமியார் ஞாபகம் வந்தது. கடலில் புது வள்ளம் இறக்கினால் ஜெபம் சொல்லித் தண்ணீர் தெளித்து மந்திரிக்கிறார்கள். புது பைக் வாங்கினால் மந்திரிக்கிறார்கள். கம்ப்யூட்டரை ஏன் மந்திரிக்கக் கூடாது? மந்திரித்த தண்ணீர் உள்ளே போய் அது கெட்டால், அந்தக் கேடு யார் கணக்கிலும் ஏறாது என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

பர்னபாஸ் சாமி சந்தோஷமாக வந்தார்.

"சாமி, நல்லாத் தெளிங்க. உள்ள வரைக்கும் போகட்டும்," என்றாள் அல்போன்சா.

அவர் தாராளமான மனுசர். மேலே தெளித்தார், பக்கவாட்டில் தெளித்தார், காற்று போகும் ஓட்டைகளைப் பார்த்துத் தெளித்தார்.

"சாமி! போதும் சாமி!" என்று டெரன்ஸ் அலறினான்.

"தெளிக்கட்டும்லே. ஆசீர்வாதந்தான," என்றார் இனிகோ.

துடைத்துவிட்டுப் போட்டதும், கம்ப்யூட்டர் என்றுமில்லாத வேகத்தில் எழுந்து நின்றது.

"பாத்தியளா? இதுதான் விசுவாசம்!" என்றார் சாமி. அல்போன்சா வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். முழங்காலில் நின்று, "சாமி, நான் ஸ்விட்ச அமத்திட்டேன்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

இடையிலிருந்த தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியின் நாற்காலி கிறீச்சிட்டது. "அந்தத் தீர்த்தமுமா?"

"ஆமா சாமி."

இருமல் மாதிரி ஒன்று கேட்டது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

"ஸ்விட்ச அமத்துனது கிடக்கட்டும்மா. மனசுல உள்ளத அந்த மனுசன்ட்ட சொல்லாம வச்சிருக்கிய பாத்தியா, அதுதான் தப்பு. ஒனக்கு ஜெபமாலையெல்லாம் அபராதம் கிடையாது. வீட்டுக்குப் போயி அவர்ட்ட சொல்லு. அதுதான் அபராதம்."

ஜெபமாலை என்றால் நூறு வேண்டுமானாலும் சொல்லியிருப்பாள்.

வீட்டுக்கு வந்தபோது இனிகோ கப்பல் பெட்டியை மடியில் வைத்து, பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க," என்றாள்.

"என்ன?"

"சாளை வாங்கிருக்கேன். குழம்பு வைக்கவா, பொரிக்கவா?"

"குழம்பு வையி. கப்பல்ல இதெல்லாம் எங்க கிடைக்கும்."

அடுப்படிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கடைசி நாள். இனி எதையும் தொடுவதில்லை என்று அல்போன்சா முடிவு செய்துவிட்டாள். போக வேண்டும் என்று அவர் மனசு ஆசைப்பட்டால் போகட்டும். ஸ்விட்சுக்கு எட்டாத தூரத்தில் தரையில் உட்கார்ந்து, ரெண்டு கையிலும் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டாள்.

முன்னறையில் இனிகோ வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று டெரன்சும் வந்திருந்தான். மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது.

"போச்சு!" என்றார் இனிகோ.

அல்போன்சா தன் கைகளைப் பார்த்தாள். ரெண்டும் மடியில்தான் இருந்தன. யுபிஎஸ்கூடக் கத்தவில்லை.

மறுபடி ஆரம்பித்தார். மறுபடி போச்சு. சாயங்காலம் வரை இதே கதை. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இருட்டுவதற்குள் இனிகோ அடுப்படி வாசலில் வந்து நின்றார். "முடிஞ்சிருச்சு ஏளா. நேரம் முடிஞ்சுன்னு அடைச்சுட்டான்."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அன்னிக்குக் கோவத்துல கப்பலுக்குப் போங்கன்னு சொன்னேன்லா, அது பொய். எனக்கு நீங்க இங்கனயே இருக்கணும். எந்த டப்பால வேணும்னாலும் பேரு ஒட்டுங்க. அரிவாமணைய எந்த ஆங்கிள்ல வேணும்னாலும் வையுங்க. போகாதிய."

இனிகோ நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் போவேண்டாமா?" என்று கேட்டார்.

"போவேண்டாம்."

அவர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சீரக டப்பால கடுகு கிடக்கு. பேர மாத்தி ஒட்டணும்," என்று அதைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். அங்கே போய், கட்டியிருந்த சாரத்து நுனியால் முகத்தைத் துடைத்தது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு அவர்மேல் இவ்வளவு ஆசை வந்தது இன்றுதான்.

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய டெரன்சைப் பிடித்து உட்காரவைத்துக் காபி கொடுத்தாள்.

"ஏலே, ஒன்ட்ட மட்டும் சொல்லுதேன். முன்னால அது நின்னுச்சுல்லா, அது என் வேலை. இங்கன இருந்து ஸ்விட்ச நான்தான் அமத்துனேன்."

டெரன்சுக்குக் காபி புரையேறியது. "நீங்களா? அதான் தன்னால நின்னுச்சா!"

"ஆனா இன்னிக்கு, சத்தியமா நான் தொடலல. மாதாவே எறங்கி வந்து நிப்பாட்டிருக்கா."

டெரன்ஸ் பின்வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"மாதா இல்ல அத்தை. மாமாவோட கால் பெருவிரலுதான் பெட்டி பட்டன அமுக்குச்சு. முதல் நாளு மாமா என்னய வரச் சொன்னதே, 'இத எப்பிடிலே சரி பண்ணுறது'ன்னு கேக்கதுக்கு இல்ல. 'அல்போன்சாவுக்குத் தெரியாம இத எப்பிடிலே நிப்பாட்டுறது'ன்னு கேக்கத்தான்."