டாக்டர் என் கணவரிடம் சொன்னது

இதய டாக்டரைப் பார்க்கப் போகும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புருஷனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். போனால் இதயம் அவருடையதாகிவிடும். வலி மட்டும் உங்களிடம் இருக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பூனாவில், தாபோடியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவேன். ஈசிஜி, எக்கோ, ரத்தம் எல்லாம் எடுத்துக்கொண்டு ஔந்தில் ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், மனிதர் என்னைப் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார்.

"இவங்களுக்கு எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று இந்தியில் அவரிடம் கேட்டார். பதிலை நான் சொன்னேன். அடுத்த கேள்வியும் அவருக்கே. (நான் ரிப்பேருக்கு வந்த மிக்ஸி.) அப்புறம் ரிப்போர்ட்டைப் புரட்டியபடி வேகமான இங்கிலீஷில் ஏதேதோ சொல்லி, "ஓகே?" என்றார்.

"எஸ் சார்" என்றார் என் கணவர்.

அவர் ராணுவ ஒர்க்ஷாப்பில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே பெரிய ஆபீசர் பேசினால் எஸ் சார் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். சந்தேகத்தை வெளியே வந்து பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்ளலாம். இங்கே பக்கத்து ஆள் நான்.

"என்னங்க சொன்னாரு?"

"நிறைய சொன்னாரு."

"நிறையன்னா?"

"நீளமா சொன்னாரு."

"ஆபரேஷனான்னு கேட்டீங்களா?"

"அவ்ளோ பெரிய டாக்டரை எப்படிம்மா கேக்கறது?"

நானே கேட்கிறேன் என்று திரும்பினால் ரிசப்ஷன் பெண் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். மணி ஒன்று. இனி ஐந்து மணிக்குத்தான். பூனாவில் மதியத் தூக்கத்துக்கு முன்னால் எமனே வந்தாலும் வாசலில்தான் நிற்க வேண்டும்.

மரத்தடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். என் கணவர் கேட்காமலே டீ வாங்கிவந்தார். என் பையையும் அவரே மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பையைத் தொட்டதில்லை அவர். எனக்குத் தெரிந்துவிட்டது, கதை முடிந்தது என்று. மகளுக்கு அப்போது கடைசி வருஷப் பரீட்சை. அவளிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசித்தே மூன்று மணி ஆகிவிட்டது. போகிற உயிர் சுத்தமாகப் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். (என்னைவிட முட்டாள் அன்று ஔந்தில் இல்லை.)

"உங்க கேரம் போர்டை எதிர்வீட்டு கதம் எடுத்துட்டான்னு சொன்னேன்ல? அவன் எடுக்கல. நான்தான் பழைய சாமான்காரன்கிட்ட போட்டேன்."

அந்தப் போர்டை வைத்துக்கொண்டு இவரும் கதமும் ஞாயிறு முழுக்க டொக் டொக் என்று தட்டுவார்கள். நான் டீ போட்டே தேய்ந்தேன். அதனால் சொன்ன பொய். அதை நம்பி என் கணவர் பதினோரு வருஷமாக கதமிடம் பேசவில்லை.

மடியிலிருந்த என் பையை எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு கேட்டார்: "ஸ்ட்ரைக்கரையுமா?"

"அதையும்தான்."

ஐந்து மணிக்கு டாக்டர் மறுபடி அவரைத்தான் பார்த்தார். நான் நாற்காலியை இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.

"டாக்டர், பேஷண்ட் நான்."

"சார்கிட்டதான் எல்லாம் சொல்லிட்டேனே."

"சாருக்கு ஒண்ணும் புரியல. என்கிட்ட சொல்லுங்க."

முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "ஹார்ட் நல்லா இருக்கு. ரத்தம்தான் கம்மி. மாத்திரை எழுதியிருக்கேன்."

இவ்வளவுதான். இதைக் காலையில் என்னிடம் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்குமா?

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் எங்கள் பூட்டைத் திறக்கவில்லை. எதிர்க்கதவைத் தட்டினார். கையைக் கூப்பிக்கொண்டு பாதி இந்தியில், பாதி மராத்தியில் எல்லாவற்றையும் சொன்னார். கதம் அவர் தோளுக்கு மேலாக என்னை எட்டிப் பார்த்தார். (அவருக்கு நான் வஹினி, அதாவது அண்ணி.) "அரே வஹினி, இத்தனை வருஷம் நான் என்ன தப்பு செஞ்சேன்னு யோசிச்சு யோசிச்சே எனக்கு பிபி வந்திருச்சு" என்றார்.

அடுத்த ஞாயிறே புதுப் போர்டு வந்துவிட்டது. மாத்திரையில் ஏறுகிற ரத்தமெல்லாம் டீ போட்டே இறங்குகிறது.

மகள் இதை வீட்டுக்கு வருகிற ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்கிறாள். என் கணவருக்கும் வாய் முளைத்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் செக்கப்புக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டவிடாமல் நிறுத்துகிறார்.

"டாக்டரைப் பார்க்கறதுக்கு முன்னாடி வேற ஏதாவது சொல்லணுமா?"

இன்னும் இரண்டு இருக்கின்றன. ரிப்போர்ட்டைப் பார்க்காமல் சொல்லமாட்டேன்.