உச்சிப் பேய்க்கு டோக்கியோ மணி

காஜா பெராங் முச்சந்தியில் அன்று கூடிய கூட்டத்தைப் பார்த்த ஜப்பானியச் சிப்பாய், வெள்ளைக்காரன் மலாக்காவைத் திரும்பப் பிடிக்க வந்துவிட்டான் என்று துப்பாக்கியைத் தூக்கிவிட்டானாம். வந்தது வெள்ளைக்காரன் இல்லை, உச்சிச் சாமியார். கிளேபாங்கிலிருந்தும் ஆயர் குரோவிலிருந்தும் சனம் நடந்தே வந்தது. முடக்குவாதக்காரர் ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தவர்களில் இருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு, அவர்களும் வரிசையில் நின்றார்கள் என்றால் பாருங்கள்.

சாமியாரின் மகிமை இதுதான். உச்சிவேளையில், வெயிலில் காய்ந்த பித்தளைத் தாம்பாளத்தில் குங்குமப் பொட்டிட்ட ஒரு முட்டையை வைப்பார். மந்திரம் சொல்வார். ஆளைப் பிடித்த பேய் கிளம்பி முட்டைக்குள் புகும். முட்டை தானாக உருளும். அதற்குக் காணிக்கை ஒரு கூடை முட்டை. பூசைக்காம். ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்று எலும்பும் தோலுமாகக் கிடந்த காலத்தில், சாமியாரின் தொப்பை மட்டும் அவருக்கு முன்னால் நடந்தது. அதுவும் மகிமைதான் என்றது ஊர். சண்டைக்கு முன்னால் கருவாடு விற்ற கலியாணசுந்தரம்தான் இவர் என்பது நினைவிருந்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சேதுபதிக்குச் சாமியார் தேவைப்படவில்லை. வேலைதான் தேவைப்பட்டது.

உருண்டை முகம், சிறிய கண், மெதுவாக உருண்டு வரும் பேச்சு. பிறந்ததிலிருந்தே அப்படி. எதையும் தாமதமாகக் கற்பான், கற்றதை விடமாட்டான். இப்போது மீசை வைத்த வாலிபன். முச்சந்தியில் அப்துல் அஜீஸ் பாயின் கோப்பிக் கடையில் குவளை கழுவ ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அதே கடையின் பின்கட்டில் மல்லிகா கிழங்குப் புட்டு அவித்தாள். இரண்டில் எதற்காக அந்த வேலை வேண்டும் என்று கேட்டால் சேதுபதி சிரிப்பான்.

“எனக்குச் சம்மதம்தான் தம்பி,” என்றார் பாய். “ஆனா உனக்குள்ள இருக்குற உச்சிப் பேய் குவளையில இறங்கிடும்னு வர்றவன் பயப்படுறான். சாமி அத ஓட்டட்டும், நாளைக்கே வந்து சேரு.”

“பேய் கோப்பி குடிக்குமா பாய்?”

“என் கோப்பியயா? சோளத்தை வறுத்துப் போடுறேன், மனுசனே குடிக்க யோசிக்கிறான்.”

பேயின் கதை பழையது. அவனைச் சுமந்தபோது தாய் பாக்கியலட்சுமி உச்சிவேளையில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினாளாம், பேய் தொற்றிக்கொண்டதாம். சொல்லிச் சொல்லி அவளையே நம்ப வைத்துவிட்டார்கள். வீட்டுக் கோழி இட்டதையெல்லாம் அவள் கூடையில் சேர்த்து, சேதுபதியையும் இழுத்துக்கொண்டு சாமியாரிடம் வந்தாள். மகனுக்கு அதில் ஒன்றுகூட அவித்துக் கொடுக்கவில்லை.

பாயின் கடைக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. “உச்சி வந்துவிட்டது,” என்று சாமியார் கர்ஜித்தார். கூட்டம் நடுங்கியது. தாம்பாளத்தில் முட்டை மெல்ல அசைந்தது. பிறகு உருண்டது.

சேதுபதி கீழே பார்த்துக்கொண்டிருந்தான். ஜப்பான்காரன் வந்ததும் ஊர்க் கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும் டோக்கியோ மணிக்குத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டான். அதிலிருந்து ஊரே இருட்டில் எழுந்து, பசிக்குமுன் சாப்பிட்டுத் தடுமாறியது. தடுமாறாதவன் சேதுபதி ஒருவன்தான். கடிகார முள் அவனுக்குப் பிடிபடாது. நிழல் காலடிக்குள் வந்ததும் சோற்றுக்கு வா என்று தாய் எப்போதோ சொன்னதுதான் அவன் கணக்கு. ஜப்பான் படை முழுவதும் வந்தும் அதை மட்டும் மாற்ற முடியவில்லை.

“உச்சி வரல,” என்றான் சேதுபதி. “நிழல் நீட்டமா இருக்கு.”

கூட்டம் குனிந்து பார்த்தது. ஒவ்வொருவர் நிழலும் முழ நீளத்துக்குமேல் சாவகாசமாகப் படுத்துக் கிடந்தது.

பின்கட்டிலிருந்து மல்லிகாவின் குரல் வந்தது. “ஏன் சாமி, இவங்கம்மாவ வெள்ளைக்காரன் காலத்துல பிடிச்ச பேய்தானே? அதுவும் டோக்கியோ மணி பாத்தா வருது?”

“பேயும் அரசாங்க உத்தரவுக்குக் கட்டுப்படணும்,” என்றார் சாமியார். மூளைக்குக் குறைச்சல் இல்லாத மனிதர்.

பாக்கியலட்சுமி மகனின் கையைப் பிடித்து இழுத்தாள். “பேசாம இருய்யா. முட்டை உருண்டுருச்சு. பேய் போயிருச்சுன்னு சொன்னா உனக்கு வேலை.”

“இவ்வளவு நாளும் உனக்கு ஒத்தாசை பண்ணது யாரும்மா, பேயா?” என்று கேட்டான் சேதுபதி. “மல்லிகாவப் பாத்துச் சிரிச்சது பேயா? நான்தான் சிரிச்சேன்.”

தாயின் பிடி தளர்ந்தது. அவன் தாம்பாளத்துக்குப் போய் முட்டையைக் கையில் எடுத்தான்.

“தொடாதே, ரத்தம் கக்குவே,” என்று சாமியார் எழப் பார்த்தார். தொப்பை எழவிடவில்லை.

சேதுபதி தாயின் கூடையிலிருந்து இன்னொரு முட்டையை மறு கையில் எடுத்தான். “இது கனமா இருக்கு. உங்க முட்டை காத்தா இருக்கு.” தாயின் முட்டையைத் தாம்பாளத்தில் வைத்தான். “இத உருட்டுங்க சாமி. நம்ம உச்சி வரைக்கும் நான் நிக்கிறேன்.”

சாமியார் மந்திரம் சொன்னார். உரக்கச் சொன்னார். வியர்வையில் விபூதி கரையக் கரையச் சொன்னார். மானமுள்ள கோழி இட்ட முட்டை, அசையவில்லை.

சேதுபதி சாமியாரின் முட்டையை நகத்தால் சுரண்டினான். குங்குமப் பொட்டுக்கடியில் மெழுகு. மெழுகுக்கடியில் ஓட்டை. தாம்பாள விளிம்பில் தட்டினான். வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. கறுப்பு வண்டு ஒன்று வெளியே வந்து, சூடு பொறுக்காமல் ஓடியது.

“பேய்க்கு ஆறு காலு,” என்றான் சேதுபதி.

அதற்குப்பின் நடந்ததை எழுதினால் காகிதம் போதாது. காகிதத்துக்கும் பஞ்சம். சாமியார் ஓடிய ஓட்டத்தில் தொப்பை ஒரு தெருவிலும் அவர் மறு தெருவிலும் போனார்கள். கட்டிலில் கிடந்த முடக்குவாதக்காரர் எழுந்து கல் வீசியதாகச் சொல்கிறார்கள். அதை மட்டும் நான் பார்க்கவில்லை.

பாக்கியலட்சுமி கூடையைத் திருப்பி எடுத்துக்கொண்டு, “பாலத்தைத் தாண்டினா பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் போவாங்க, பேய் எங்கேருந்து வரும்?” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

மறுநாள் பாயின் கடையில் இன்னும் பெரிய கூட்டம். கோப்பிக்கு இல்லை. பேயைக் கையாலேயே பிடித்த புதுச் சாமிக்கு ஆளுக்கொரு முட்டை கொண்டுவந்து, குவளை கழுவிக்கொண்டிருந்த சேதுபதியின் காலில் விழுந்தார்கள்.

மல்லிகா ஒரு கிண்ணத்தில் புட்டும் அவித்த முட்டையும் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். “சாமி, எனக்குக் குறி சொல்லுமா?”

“நான் சாமி இல்ல. என்னக் கட்டிக்கிறியான்னு கேக்கப் போறவன்.”

“கேளு. ஆனா மொதல்ல சாப்பிடு,” என்றவள், அவன் முதல் வாய் எடுக்கும்வரை உள்ளே போகவில்லை.

காலில் விழுந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. சேதுபதி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தான். “குனிஞ்சுதான் இருக்கீங்க. அப்படியே உங்க நிழலையும் பாத்துட்டு எந்திரிங்க.”