மாடி ரூமில் இருந்தது யார்?

'மறுவீட்டு மகாலட்சுமி' சீரியலில், மகாலட்சுமி பூட்டிக் கிடந்த மாடி ரூமைத் திறந்து, உள்ளே பார்த்து, "நீங்களா!" என்று அலறியதோடு திங்கட்கிழமை 'தொடரும்' போட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை சீரியல் ஆரம்பிக்கிற நேரம் பார்த்து துளசி குடியிருக்கும் செவிலிமேட்டில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. அவள் போனிலும் சார்ஜ் இல்லை.

புதன்கிழமை காலை, வேலை பார்க்கும் காந்தி ரோடு பட்டுக்கடையில் நுழைந்தபோது துளசிக்கு இரண்டே கவலை. ரூமுக்குள் இருந்தது யார் என்று தெரிந்தாக வேண்டும். தான் பார்க்கவில்லை என்பது ஒருவருக்கும் தெரியக் கூடாது.

கடையில் சீரியல் விஷயத்தில் அவள் சொல்வதுதான் தீர்ப்பு. ஒரு நாள் பார்க்காமல் வந்தவர்களை, "பாக்காதவங்க வாயத் தொறக்கக் கூடாது" என்று அடக்கி வைத்தவளே அவள்தான்.

"என்னாக்கா, நேத்து பாத்தியா?" என்றாள் கமலாட்சி, முதல் நாள் பிரித்துப் போட்ட புடவைகளை மடித்துக்கொண்டே.

"பாக்காம? எனக்குத் தூக்கமே வரல. அந்த ஆளுதான் உள்ள இருப்பாருன்னு நான் அப்பவே சொல்லல?"

பெயர் தானாக வந்து விழும் என்று காத்திருந்தாள்.

"ஆமாக்கா. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு."

பெயர் விழவில்லை. துளசி இன்னொரு தூண்டில் போட்டாள். "எப்டி எளச்சிப் போயிட்டாரு பாத்தியா?"

"தாடி வேற வளத்துக்கினு..."

தாடியா! துளசியின் மூளை பரபரத்தது. அந்தக் குடும்பத்தில் காணாமல் போன ஆண்பிள்ளை ஒருவர்தான். கூடத்துச் சுவரில் மாலையோடு தொங்கும் மாமனார்.

"செத்துட்டார்னு படத்த மாட்டி வச்சிக்கினு, மனுஷன உள்ள போட்டுப் பூட்டியிருக்குதே அந்த மாமியாக்காரி!"

அடுத்த அலமாரியிலிருந்து எல்லம்மாள் மூக்கை உறிஞ்சினாள். கடையில் அவள்தான் மூத்தவள். "அவரு கண்ணுல தண்ணி வந்துச்சு பாரு துளசி, நான் அழுதுட்டேன்."

அப்போதுதான் அன்றைய முதல் கஸ்டமர் வந்து வெள்ளை மெத்தையில் உட்கார்ந்தார். நரைத்த தலை, கண்ணாடி, கைத்தறிப் புடவை. துளசி விரித்துப் போட்ட புடவைகளை அவர் பார்க்கவே இல்லை.

"மகாலட்சுமி கதையாம்மா பேசறீங்க? நேத்து என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. அவரை எதுக்காகப் பூட்டி வெச்சிருந்தாங்க?"

எல்லாரும் துளசியைப் பார்த்தார்கள்.

"அது வந்து... அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்துச்சும்மா. அந்த ஆத்திரம்தான்."

"அப்படியா! அங்க குழந்தை உண்டா?"

"ஒரு பொண்ணு. நம்ம மகாலட்சுமியேதாம்மா அது!"

எல்லம்மாளின் கையிலிருந்த புடவை நழுவியது. "ஐயய்யோ! அப்ப அவ புருஷன் அவளுக்கு அண்ணன் ஆயிட்றானே!"

கமலாட்சி வாயைப் பொத்திக்கொண்டாள். மகாலட்சுமிக்கு அடுத்த வாரம் வளைகாப்பு.

துளசிக்கு ஏசியிலும் வியர்த்தது. "அவன் அவருக்குப் பொறந்தவன் இல்லக்கா. தத்துப் புள்ள. நேத்து தெளிவா சொன்னாங்களே, நீ கவனிக்கல?"

"கவனிச்சேன், கவனிச்சேன்" என்றாள் எல்லம்மாள் அவசரமாக. "பதட்டத்துல மறந்துட்டேன்."

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் ராஜகோபால் வேகமாக வந்தார். "கஸ்டமர உக்கார வச்சிக்கினு என்னா கத பேசிக்கினு இருக்கீங்க?"

"நான்தான் கேட்டேன் சார்" என்றார் அந்த அம்மாள். "அந்தப் பையன் தத்துப் பிள்ளையாமே?"

ராஜகோபாலின் முகம் மாறியது. "தத்தா? யாரு சொன்னது? ஆஸ்பத்திரில மாறிப்போன புள்ளம்மா. நர்ஸே வந்து ஒத்துக்கிச்சே!"

துளசி திகைத்துப் போனாள். வாய்க்கு வந்ததைச் சொன்னோம், பாதி நிஜமாகவே நடந்திருக்கிறதே! எந்த நர்ஸ் என்று கேட்க நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டாள். "ஆமா சார். நர்ஸ விட்டுட்டேன்."

"யாரும்மா அந்த நர்ஸ்?" என்றார் அந்த அம்மாள், முன்னால் சாய்ந்து.

ராஜகோபால் கமலாட்சியைப் பார்த்தார். கமலாட்சி எல்லம்மாளைப் பார்த்தாள்.

"மாமியாரோட தங்கச்சி" என்றாள் எல்லம்மாள் மெதுவாக.

"அதானே!" என்று மற்ற மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. கைக்கு எட்டிய அரக்குப் புடவையையும் மாம்பழ மஞ்சளையும் ஒதுக்கி, "இரண்டையும் போட்டுடுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இனிமே என்ன ஆகணும்னு நினைக்கறீங்க?" என்று துளசியைக் கேட்டார்.

அபிப்பிராயம் சொல்வதற்கு துளசிக்கு யாருடைய உதவியும் வேண்டியதில்லை. "மாமியார சும்மா விடக் கூடாதும்மா. அதே ரூம்ல போட்டுப் பூட்டணும். சாவி மகாலட்சுமி இடுப்புல தொங்கணும்."

"பிரமாதம்!" என்று அந்த அம்மாள் எழுந்து துளசியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். துளசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எபிசோடைப் பார்க்காமலே கதையைப் பிடித்துவிட்டோமே என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட.

அந்த அம்மாளின் கார் டிரைவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தான்.

"மேடம், சேனல்லேர்ந்து மறுபடி போன் வந்துச்சு. நேத்துதான் நீங்க கத எழுதிக் குடுக்கலன்னு பழைய எபிசோடையே போட்டு ஒப்பேத்திட்டாங்களாம், இன்னிக்காவது எழுதிட்டீங்களான்னு கேக்கறாங்க!"