மந்திக்கு நான் காட்டிய முகம்

குழந்தை பெற்ற மந்தி மற்றவர்களிடம் எப்படி நடந்துகொள்ளும் என்று மூன்று வருடம் ஆராய்ச்சி செய்தவள் நான். குழந்தை பெற்ற நான் எப்படி நடந்துகொள்வேன் என்பதைத் தெரிந்துகொள்ள மூன்றே நிமிடம்தான் ஆயிற்று.

அப்போது சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கிள்ளை அருகே, பிச்சாவரம் போகிறவர்கள் இளநீர் குடிக்க வண்டியை நிறுத்தும் ஒரு தோப்பில்தான் என் குரங்குக் கூட்டம். அதில் ஒரு மந்திக்குச் சரசு என்று பெயர் வைத்திருந்தேன். யாரையும் அண்டவிடாத சண்டைக்காரி. குட்டி பிறந்ததும் ஆளே மாறிவிட்டாள். ஆண் குரங்குகளைக் கண்டால் ஒதுங்குவாள். குட்டி வைத்திருக்கும் மற்ற மந்திகளோடு ஒட்டி உட்கார்ந்து பேன் பார்ப்பாள்.

எனக்கும் குழந்தை பிறந்து, ஆறாம் மாதம் மறுபடி தோப்புக்குப் போனேன். கடலூரிலிருந்து அண்ணியும் (கணவரின் அக்கா) கூட வந்தார். மகள் யாழினியின் கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு, அண்ணியின் கைவண்ணம். குழந்தையோடு குரங்குக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று மற்ற மாணவர்களுக்குச் சட்டம் போட்டதே நான்தான். ஆனால் அண்ணிக்கு எதிரில் மேதாவித்தனத்தைக் காட்ட வேண்டாமா?

“கிட்ட வருது தேவி, புள்ளைய தூக்கிக்கிட்டு எழுந்திரு.”

“ஒண்ணும் பண்ணாது அண்ணி. புள்ள பெத்தவ இன்னொரு புள்ள பெத்தவகிட்டதான் ஒட்டுவா. நான் இதத்தான படிக்கிறேன்?”

வயிற்றில் குட்டி தொங்க, சரசு கையெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்தாள். என் மடியிலிருந்த யாழினியின் தலைமுடியை விலக்கிப் பேன் தேடினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் அவள் பார்வை அந்தப் பொட்டில் விழுந்தது. உண்ணி என்று நினைத்திருப்பாள். ஒரு கையால் குழந்தையின் தாடையைப் பிடித்துக்கொண்டு, மறு கை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.

பொட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே என் மகளின் கண்.

குழந்தையை வெடுக்கென்று இழுத்தால் நகம் கீறிவிடும். சும்மா இருந்தாலும் கீறிவிடலாம். காய்ந்த மை லேசில் வருவதாக இல்லை. சரசு இன்னும் அழுத்தினாள். யாழினி உதட்டைப் பிதுக்கினாள். இவள் அழுதால் அவள் மிரளுவாள், மிரண்டால் கடிப்பாள்.

“ஐயோ, என்னாடி பண்றது இப்ப?” என்றார் அண்ணி மெதுவாக. படித்ததில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. யாழினி வீறிட்டாள்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மந்திகள் ஒன்றையொன்று மிரட்டுவதைப் போலவே புருவத்தை உயர்த்தி, கழுத்தை முன்னால் நீட்டி, வாயை அகலப் பிளந்து, அடித்தொண்டையிலிருந்து “ஹாவ்” என்று கத்தினேன். சரசு குட்டியை அணைத்தபடி மரத்தில் ஏறிவிட்டாள். இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

“குடு தேவி, கண்ணுல பட்டுச்சான்னு பாக்குறேன்” என்று அண்ணி கையை நீட்டினார். அவருக்கும் அதே “ஹாவ்”!

கன்னத்தில் லேசான சிவப்பு, அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து சரசு என்னைப் பார்த்தாலே குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் வேறு தோப்பு தேட வேண்டியதாயிற்று.

அண்ணி மட்டும் என்னை விட்டு ஓடவில்லை. விசேஷத்துக்கு விசேஷம் இந்தக் கதையை நடித்தே காட்டுகிறார். யாராவது யாழினியின் கன்னத்தைக் கிள்ளக் கை நீட்டினால், “அவுங்க அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்குங்க, ஹாவ்னுடுவா” என்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வார்கள்.

நானும் சிரிப்பேன். அவர்கள் கையை இழுத்துக்கொண்ட பிறகு.