லவுஞ்ச் வாசலில் மட்டும் நாலு வயது

நம்மூரில் வயதுத் தையற்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. கடை கிடையாது, போர்டு கிடையாது, கையில் கத்தரிக்கோலும் கிடையாது. ஆனால் எந்த வயதைக் கொடுத்தாலும் போகிற இடத்துக்கு ஏற்றபடி ஓர் ஆண்டு பிடித்தோ இரண்டு ஆண்டு விட்டோ கச்சிதமாகத் தைத்து மாட்டிவிடுவார்கள். பெரும்பாலும் பெற்ற பிள்ளைகளின் வயதுதான் அவர்களுக்குத் துணி.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். பேருந்தில் கண்டக்டர் நெருங்க நெருங்க, அதுவரை கம்பியைப் பிடித்துத் தொங்கி வித்தை காட்டிக்கொண்டிருந்த பிள்ளையை இழுத்து மடியில் போட்டு, நீண்ட கால்களை மடக்கி, துப்பட்டாவாலோ கைப்பையாலோ மூடி, "கொழந்தைங்க" என்பார்கள். கொழந்தையின் பையில் இரண்டாம் வகுப்புக் கணக்கு நோட்டு இருக்கும். இதே பிள்ளையை இரண்டரை வயதில் எல்.கே.ஜி.யில் தள்ளப் பார்த்து, "வயசுதான் கம்மி, மெச்சூரிட்டி ஜாஸ்தி சார்" என்று வாதாடியவர்களும் இவர்களேதான். பொருட்காட்சி நுழைவுச் சீட்டுக்குச் சின்னப் பாப்பா. உள்ளே போய் ராட்டினத்தில் ஏறும்போது பெரிய பெண். நடுவில் இருப்பது ஐம்பது அடி தூரம். அதற்குள் மூன்று வருடம் வளர்க்க வேறு யாரால் முடியும்?

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், அதற்குத்தான் வருகிறேன். என் பெயர் ஆஸ்டின். செம்பாக்கத்தில் வீடு, தாம்பரம் பக்கம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. என்ன வேலை என்றால், சேர்க்கைக்கு வரும் பிள்ளைகளின் வயதைச் சரிபார்க்கும் வேலை. சிரிக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழின் ஒரிஜினலைக் கண்ணால் பார்க்காமல் விண்ணப்பத்தை விரலால்கூடத் தொடமாட்டேன். போன வருடம் ஒரு தகப்பனார், "பதினோரு நாள்தான் சார் கொறையுது" என்று கிட்டத்தட்ட அழுதார். "பதினோரு நாளோ பதினோரு நிமிஷமோ, வயசுன்னா வயசுதான் சார். அதுல போய் அட்ஜஸ்ட் பண்ண முடியுமா?" என்று கேட்டு அனுப்பிவைத்தேன். அவர் படியிறங்கிப் போனபோது எனக்கு என் மீதே ஒரு மரியாதை வந்தது.

அப்படிப்பட்ட என்னிடம் வங்கிக்காரர்கள் ஒரு கிரெடிட் கார்டைக் கொடுத்தார்கள். அதைக் காட்டினால் விமான நிலைய லவுஞ்சில் இலவசமாக உட்காரலாம், சாப்பிடலாம் என்றார்கள். என் மனைவி பிளஸ்ஸிக்கும் ஒன்று கிடைத்தது. ஆனால் விமானத்தில் ஏற எங்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. எட்டு மாதம் காத்திருந்தோம். கடைசியில் கோயம்புத்தூரில் பிளஸ்ஸியின் சித்தி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ரயிலில் போயிருக்கலாம். ஆனால் ரயில் நிலையத்தில் என் கார்டை யார் மதிப்பார்கள்?

சிக்கல் எங்கள் மகள் ஜெரூஷாவால் வந்தது. ஒரு கார்டுக்கு ஓர் ஆள்தான். மாடி வீட்டுப் பத்ரிநாராயணன் சாரிடம் ஆலோசனை கேட்டேன். வங்கியில் ஓய்வு பெற்றவர், இந்த இனத்தில் மூத்த கலைஞர். ரயிலில் கீழ் பெர்த் கேட்கும்போது எழுபத்தி இரண்டு, குடியிருப்போர் சங்க இறகுப்பந்துப் போட்டியில் ஐம்பத்தி எட்டு.

"அஞ்சு வயசுக்குள்ளன்னா ஃப்ரீ. அஞ்சு ஆயிடுத்துன்னா பெரியவாளுக்கு என்னவோ அதேதான். நாலுன்னு சொல்லிடுங்கோ."

"ஆதார் கேட்டாங்கன்னா சார்?"

"போர்டிங் பாஸைப் பார்ப்பா. அதுல வயசு கெடையாது. கொழந்தை மூஞ்சியப் பார்ப்பா. அதை நீங்கதான் பாத்துக்கணும்."

மூஞ்சியைப் பார்த்தேன். ஜெரூஷாவுக்கு ஆறு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிறந்தநாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் குடும்பமாக முன்னால் போய் நின்று, ஸ்தோத்திரக் காணிக்கை படைத்து, ஆயர் அவள் தலையில் கைவைத்து, "ஆறு வயதை நிறைவு செய்த இந்தச் சிறு மகளை" என்று ஜெபித்து, முழுச் சபையும் ஆமென் சொல்லியிருந்தது. ஆக, ஆண்டவர் வரைக்கும் ஆறு என்று பதிவாகிவிட்டது. போதாக்குறைக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. நாலு வயதில் யாருக்காவது பல் விழுமா?

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு விமானம். எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் முக்கால் மணி நேரம். நாங்கள் ஆறு மணிக்கே புறப்பட்டோம். இந்த இனத்தார் போவது விமானத்தைப் பிடிக்க அல்ல, இட்லியைச் சூடாக இருக்கும்போதே பிடிக்க. முந்தின இரவும் லேசாகத்தான் சாப்பிட்டிருந்தோம். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வண்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருக்க, கார் நகராமல் நின்றது. அந்த நேரத்தை வீணாக்காமல் நான் பயிற்சி கொடுத்தேன்.

"பாப்பா, எத்தனை வயசு?"

"ஆறு."

"இல்லடா. அங்க போய் ஆன்ட்டி கேட்டா?"

"நாலு." விரல்களையும் காட்டினாள்.

"வெரி குட். சிரிச்சா எப்படிச் சிரிக்கணும்?"

உதட்டை இறுக்க மூடிக்கொண்டு சிரித்துக் காட்டினாள். பிறகு கேட்டாள்: "எவ்ளோ நேரம்ப்பா நாலு?"

"கொஞ்ச நேரந்தான். கோயம்புத்தூர்ல எறங்கிட்டா உன் வயசு உனக்கு."

பிளஸ்ஸி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினோரு வருடத் தாம்பத்தியத்தில் அவள் ஒன்றும் சொல்லாத தருணங்களைத்தான் நான் சம்மதம் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

லவுஞ்ச் வாசலில் வரிசை. எங்களைப் போலவே சொந்த வீட்டில் பட்டினி கிடந்து வந்தவர்கள். முன்னால் ஒருவர், தன் தோள் உயரம் இருந்த பையனைக் காட்டி, "பாக்கத்தான் வளத்தி" என்று ஆரம்பித்துக்கொண்டிருந்தார். மேசைக்குப் பின்னால் ஒரு பெண், சட்டையில் சின்மயி என்று பெயர் குத்தியிருந்தாள். கார்டுகளைத் தேய்த்தாள், பாஸ்களைப் பார்த்தாள், எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"பாப்பாவுக்கு எத்தனை வயசு?"

ஜெரூஷா நாலு விரலைக் காட்டி, உதட்டை மூடிச் சிரித்து, நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் சேர்த்துச் செய்தாள். கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த நடிப்பில் எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. சின்மயி அவள் சட்டையில் மஞ்சள் நிறத்தில் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டினாள். ஐந்துக்கு உட்பட்ட குழந்தை, இலவசம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் போயிருப்பீர்கள். இட்லியைத் தட்டில் அடுக்கி, அது சரியாமல் இருக்க வடையை முட்டுக் கொடுத்து, பூரியை மேலே போர்த்தி, எதற்கென்று தெரியாமல் வேகவைத்த சோளத்தையும் தர்ப்பூசணியையும் ஓரத்தில் சேர்த்துக்கொண்டு, இரண்டாவது காபி குடிக்கும்போதே மூன்றாவதை எங்கே வைப்பது என்று யோசிக்கும் பரம சுகம் அது.

அப்போதுதான் ஜெரூஷா அந்த அறையைப் பார்த்தாள்.

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் குழந்தைகளுக்காக ஒரு குட்டி விமானி அறை. உட்கார்ந்து பிடிக்க ஒரு சக்கரம், தலைக்கு மேலே வரிசையாகச் சுவிட்சுகள், முன்னால் திரையில் மேகங்கள். சக்கரத்தைத் திருப்பினால் மேகம் சாய்கிறது. அவளுக்குப் பூரி மறந்துபோயிற்று. முதல் முறை விமானத்தில் போகிற பிள்ளைக்கு வேறு என்ன வேண்டும்? ஓடினாள். வாசலில் ஒரு சின்ன அறிவிப்பு இருந்தது. ஐந்து முதல் பத்து வயது வரை.

சின்மயி அங்கேயும் வந்தாள். மஞ்சள் ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டி, குனிந்து, அன்பாகவே சொன்னாள்: "சாரி செல்லம். இது கொஞ்சம் பெரிய பசங்களுக்கு. உனக்கு அஞ்சு வயசு ஆகட்டும், அப்ப வா, என்ன?"

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். ஜெரூஷா என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதவு திறக்கும். அந்த ஒரு வார்த்தை 'ஆறு'. ஆனால் அதைச் சொன்னால் கட்டணம் கட்ட வேண்டும், அதைவிட, வாசலில் பொய் சொன்னேன் என்று ஆகும். நான் கூரையில் இருந்த விளக்குகளைப் பார்த்தேன். நல்ல விளக்குகள்.

அவள் அழவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. சின்மயியிடம் மரியாதையாகச் சொன்னாள்: "பரவால்ல ஆன்ட்டி. கோயம்புத்தூர் போனா எனக்கு ஆறு ஆயிடும். அங்க இந்த ரூம் இருக்குமா?"

சின்மயி மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஜெரூஷா பேசும்போது வாய் நன்றாகத் திறந்திருந்தது, பல் இல்லாத இடமும் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன செய்திருப்பான்? தெரியும், எனக்கும் தெரியும். நான் செய்தது வேறு. கலகலவென்று ஒரு சிரிப்பு சிரித்து, "அவ எப்பவும் இப்படித்தான் மேடம், சும்மா கதை விடுவா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது. அந்த லவுஞ்சில் அன்று காலை உண்மை பேசிய ஒரே ஆள் அவள். அவளைத்தான் பொய்க்காரி ஆக்கியிருந்தேன். ஜெரூஷா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. பாடத்தில் புதிதாக ஒரு பகுதி வந்திருப்பதுபோல் கவனமாகப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. எந்த அளவுக்கு வெட்கம் என்றால், கையிலிருந்த வடையைக் கீழே வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டு, சின்மயியின் பக்கம் போய், தொண்டையைக் கனைத்து, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, இப்படிச் சொன்னேன்:

"மேடம், அதாவது, பாப்பாவுக்கு வந்து... நாலே முக்கால்."

வழக்கம் அப்படி. ஒரேயடியாக ஆறுக்குப் போக நாக்குக்கு வரவில்லை.

"அஞ்சு ஆகணும் சார். ரூல்ஸ்" என்றாள் சின்மயி. என் மேசைக்கு முன்னால் நின்றவர்களிடம் நான் சொல்லும் அதே தொனி.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிளஸ்ஸி கைப்பையைத் திறந்துகொண்டே வந்தாள்.

"ஆறு வயசு, ரெண்டு மாசம். மன்னிச்சிருங்க, வாசல்லயே சொல்லியிருக்கணும். சார்ஜ் என்னன்னு சொல்லுங்க, கட்டிடறேன்."

அவ்வளவுதான். அதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை, கூரையும் இடிந்து விழவில்லை. சின்மயி பணத்தை வாங்கிக்கொண்டு, ஸ்டிக்கரை மெதுவாகப் பிரித்து எடுத்துவிட்டு, கதவைத் திறந்துவிட்டாள். ஜெரூஷா உள்ளே போய்ச் சக்கரத்தைப் பிடித்தாள். மேகம் சாய்ந்தது. அவள் வாயைத் திறந்து சிரிப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"நீங்க எதுக்கு நிக்கறீங்க, போய்ச் சாப்பிடுங்க" என்றாள் பிளஸ்ஸி. இதுவும் அன்பாகச் சொன்னது என்று நான் எழுதிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. போய்ச் சாப்பிட்டேனா என்று கேட்காதீர்கள். மூன்று பேருக்கும் கணக்கு ஆகிவிட்ட பிறகு வடையை விட்டுவிட்டு வருவது எப்படி? சாப்பிட்டேன். ஆனால் ருசி இல்லை.

விமானத்தில் ஏறியதும் நான் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். இனிமேல் இந்தத் தையல் வேலை கிடையாது, ஆறு என்றால் ஆறு, அறுபது என்றால் அறுபது. தீர்மானம் செய்ததில் மனம் லேசாகி, பழையபடி என் மீதே கொஞ்சம் மரியாதைகூட வரத் தொடங்கியிருந்தது. அப்போது பணிப்பெண் பெல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தாள். ஜன்னலோரம் இருந்த ஜெரூஷாவின் கன்னத்தைத் தட்டினாள்.

"ஹாய் குட்டி! உனக்கு எத்தனை வயசு?"

ஜெரூஷா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, என் பக்கம் திரும்பி, காதருகே வந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டாள்:

"அப்பா, இங்க எத்தனை?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அதற்குத்தான் எழுதினேன். உங்கள் வீட்டில் இப்படி யாரும் இல்லை என்பதையும் நம்புகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் பாருங்கள். அடுத்த முறை வெளியாள் யாராவது உங்கள் பிள்ளையிடம் ஏதாவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் அது உங்கள் முகத்தைப் பார்க்கிறதா?